ஏபி வாங்குறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர் வெர்ஷனப் பாருங்க

ஆஃபீஸ்ல வைஃபை வீக்கா இருக்கு, நாலு ஆக்சஸ் பாயின்ட் (ஏபி) சேத்துப் போட்டா சரியாயிடும்னு முடிவு பண்றோம், ஏற்கனவே இருக்கிற கன்ட்ரோலர் சிஸ்கோ, வாங்கப் போற ஏபியும் சிஸ்கோ, அப்புறம் என்ன, மாட்ட வேண்டியதுதானேன்னு ஆர்டர் போட்டுடுறோம். ஏபி வந்து இறங்குது, சீலிங்ல ஏத்தியாச்சு, கேபிள் சொருகியாச்சு, லைட்டு சிவப்பு பச்சை ஆம்பர்னு மாறி மாறி எரிஞ்சிட்டே இருக்கு, கன்ட்ரோலர் லிஸ்ட்ல மட்டும் வரவே மாட்டேங்குது. கேபிள மாத்திப் பாப்பாங்க, போர்ட்ட மாத்திப் பாப்பாங்க, கடைசில "ஏபி டிஃபெக்ட்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. டிஃபெக்ட் ஒன்னும் இருக்காது பாவம். அந்த மாடல அந்தக் கன்ட்ரோலர்ல ஓடுற சாஃப்ட்வேருக்குத் தெரியாது, அவ்ளோதான் விஷயம்.

இந்த ஃபீல்டுக்குப் புதுசா வந்தவங்களுக்காக மொதல்ல ரெண்டு வரி. வீட்ல இருக்கிற ரவுட்டர் எல்லா வேலையையும் அதுவே பாத்துக்கும். ஆனா அம்பது நூறு ஏபி இருக்கிற எடத்துல ஒவ்வொன்னுக்குள்ளயும் போய் பாஸ்வேர்ட், சேனல், பவர் எல்லாம் செட் பண்ணிட்டு இருக்க முடியாது, அதனால மூளைய எடுத்து ஒரே எடத்துல வெச்சிட்டாங்க, அதுதான் கன்ட்ரோலர். ஏபி சிக்னல் விடுறதையும் வாங்குறதையும் பாத்துக்கும், யார் உள்ள வரலாம், எந்த விலான்ல (தனியா பிரிச்ச நெட்வொர்க்ல) போகணும், பக்கத்து ஏபிக்கு எப்ப மாறணும்ங்கிறதெல்லாம் கன்ட்ரோலர் பக்கம். ரெண்டும் பேசிக்கிறதுக்கு கேப்வேப்னு ஒரு புரோட்டோகால், 2009ல ஆர்எஃப்சி 5415னு (எல்லாருக்கும் பொதுவான இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் டாக்குமென்ட்) வந்துச்சு, யூடிபி 5246ல கன்ட்ரோல், 5247ல டேட்டா.

இங்கயே ஒரு சந்தேகம் வரும். ஆர்எஃப்சி இருக்கே, ஓப்பன் ஸ்டாண்டர்ட் ஆச்சே, அப்ப எந்தக் கம்பெனி ஏபியையும் எந்தக் கன்ட்ரோலர்லயும் சேக்கலாமா? சேக்க முடியாது. கேப்வேப் பொதுவான அடித்தளம் மட்டுந்தான், அதுக்கு மேல ஒவ்வொரு கம்பெனியும் தன்னோட சொந்த மெசேஜ் எலிமென்ட், சொந்த சர்டிஃபிகேட், சொந்த இமேஜ் (ஏபிக்குள்ள ஏத்துற சாஃப்ட்வேர் ஃபைல்)னு அடுக்கி வெச்சிருக்கு, அரூபா மாதிரி சிலர் வேற புரோட்டோகாலும் வெச்சிருக்காங்க. அதனால கம்பெனி ஒன்னா இருந்தாத்தான் பேச்சே ஆரம்பிக்கும், ஆனா அதோட முடியாது. கீழ நான் சிஸ்கோவ வெச்சே சொல்றேன், ஏன்னா இந்த வம்பு அதிகமா வர்றதும் அங்கதான், டாக்குமென்ட் ஒழுங்கா இருக்கிறதும் அங்கதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம், இது ஒன்னு புரிஞ்சிட்டா மிச்சமெல்லாம் தானா புரியும். லைட்வெயிட் ஏபி, அதாவது கன்ட்ரோலர நம்பி ஓடுற ஏபி, கன்ட்ரோலர்ல சேரும்போது தன்னோட சாஃப்ட்வேர் வெர்ஷனும் கன்ட்ரோலர் வெர்ஷனும் ஒன்னான்னு பாக்கும், இல்லன்னா கன்ட்ரோலர் கிட்ட இருந்தே புது இமேஜ இறக்கி, ரீபூட் ஆகி, திரும்ப வந்து சேரும். வரிசையா சொன்னா மொதல்ல டிஸ்கவரி, அப்புறம் டிடிஎல்எஸ் (சர்டிஃபிகேட் காட்டி பாதுகாப்பான கனெக்ஷன் போடுறது), ஜாயின், இமேஜ் டவுன்லோட், கான்ஃபிகரேஷன், கடைசியா ரன். அந்த இமேஜ் எங்க இருந்து வருது? கன்ட்ரோலர்ல நீங்க போட்டிருக்கிற சாஃப்ட்வேர் பண்டிலுக்குள்ளயே ஒவ்வொரு ஏபி குடும்பத்துக்கும் ஒரு இமேஜ் பேக் பண்ணி வெச்சிருப்பாங்க. உங்க ஏபி அந்தப் பண்டில் வெளிவந்ததுக்கு அப்புறம் பொறந்த மாடல்னா அதுக்கான இமேஜ் உள்ள இருக்காது. ரொம்பப் பழைய மாடல்னாலும் இருக்காது, ஏன்னா ஏதோ ஒரு வெர்ஷன்ல அத எடுத்துட்டாங்க. ஆக ஒவ்வொரு ஏபி மாடலுக்கும் "இந்த வெர்ஷன்ல இருந்து"னு ஒரு ஆரம்பமும் "இந்த வெர்ஷன் வரைக்கும்"னு ஒரு முடிவும் உண்டு. அதே மாதிரி கன்ட்ரோலர் பெட்டிக்கும் "இதுக்கு மேல ஏத்த முடியாது"ன்னு ஒரு கடைசி வெர்ஷன் உண்டு. பெட்டி, பழைய ஏபி, புது ஏபி மூணுக்கும் பொதுவா ஒரு வெர்ஷன் கெடைக்குதாங்கிறதுதான் நாம பாக்க வேண்டிய கணக்கு, கெடைக்கலன்னா எந்த கான்ஃபிகரேஷன் போட்டாலும் நடக்காது.

ஒரு கேஸ் எடுத்துப் பாத்துடலாம். ஒரு காலேஜ்னு வெச்சுக்கோங்க, அங்க பழைய 5508 கன்ட்ரோலர் ஓடுது. ஏபில கொஞ்சம் 2602, கொஞ்சம் 3702. இப்ப புது பிளாக் கட்டியாச்சு, அங்க வைஃபை 6 வேணும்னு கேட்டலிஸ்ட் 9120 வாங்கலாம்னு யோசிக்கிறாங்க. 5508ல ஓடுற சாஃப்ட்வேர் பேரு ஏர்ஓஎஸ், அதுல 5508க்கு கடைசி வெர்ஷன் 8.5, அதுக்கு மேல அந்தப் பெட்டில ஏறாது, 2504ங்கிற கன்ட்ரோலருக்கும் இதே கதை. 9120க்கு ஏர்ஓஎஸ் 8.9ல இருந்துதான் சப்போர்ட். முடிஞ்சிடுச்சு, 8.5க்கும் 8.9க்கும் நடுவுல பாலமே கெடையாது. ரெண்டுமே சிஸ்கோதான், ரெண்டுமே கேப்வேப்தான், ஆனாலும் சேராது.

சரி, அப்ப கன்ட்ரோலரையே மாத்திடுவோம், 5520 எங்கயாச்சும் கம்மி வெலைக்கு கெடச்சா அதுல ஏர்ஓஎஸ் 8.10 போடலாம், 9120 சேந்துடும், 3702வும் சேந்துடும். ஆனா 2602 போயிடும், ஏன்னா 1600, 2600, 3600 சீரிஸெல்லாம் 8.5ஓட நின்னுடுச்சு. இன்னொன்னு, 8.10தான் ஏர்ஓஎஸ்ல கடைசி, அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துல புது ரிலீஸே கெடையாது, அதனால இப்ப 5520ல காசு போடுறது எனக்கு சரியாப் படல. நாளைக்கே வைஃபை 6இ வேணும்னு 9166 வாங்குனீங்கன்னா அது ஏர்ஓஎஸ்ல எந்த வெர்ஷன்லயும் சேராது.

அப்ப 9800 சீரிஸ் கன்ட்ரோலர். இது சிஸ்கோவோட ஐஓஎஸ் எக்ஸ்ஈங்கிற சாஃப்ட்வேர் மேல ஓடுறது, சின்ன சைஸ்ல 9800-எல் இருக்கு, விர்ச்சுவல் மெஷினா போடணும்னா 9800-சிஎல் இருக்கு. இங்கதான் நெறைய பேர் தடுக்கி விழுற ஒரு எடம் வருது. 3702, 2702, 1702 இதெல்லாம் வேவ் 1 ஏபி (வைஃபை 5ல மொத தலைமுறை), உள்ள ஓடுறது பழைய ஐஓஎஸ் கோடு. 2802, 3802ல இருந்து உள்ள ஓடுறதே வேற சாஃப்ட்வேர். பழசையும் சேத்து இழுத்துட்டுப் போறது கஷ்டம்னு 9800ல 17.3 வரைக்கும் வேவ் 1க்கு சப்போர்ட் வெச்சிட்டு 17.4ல தூக்கிட்டாங்க. அப்புறம் என்ன நெனச்சாங்களோ, 17.9.3ல திரும்பக் கொண்டு வந்தாங்க, 17.12லயும் இருக்கு. அதனால "17.3ல ஓடுச்சு, 17.9.3ல ஓடுது, அப்ப நடுவுல 17.6லயும் ஓடும்"னு நீங்க நெனச்சா ஓடாது! நடுவுல ஒரு பெரிய ஓட்டை. புதுப் பெட்டி ஃபேக்டரில இருந்து 17.6ஓட வந்துச்சுன்னா 3702 அத்தனையும் வெளியதான் நிக்கும், ஏத்திவிட்டாத்தான் உள்ள வரும்.

இப்ப அந்தக் காலேஜுக்குக் கணக்குப் போட்டா: 9120க்கு 16.12ல இருந்து ஓகே. 9166க்கு 17.9.1ல இருந்து ஓகே. 3702க்கு 17.3 வரைக்கும், இல்லன்னா 17.9.3ல இருந்து 17.9 வரிசை, அப்புறம் 17.12. மூணுக்கும் பொதுவா 17.9.3ல இருந்து வர்ற 17.9 வரிசை, அப்புறம் 17.12. அதுல சிஸ்கோ சைட்ல நட்சத்திரம் போட்டு ரெக்கமண்ட் பண்ணியிருக்கிற பில்ட எடுத்துப் போட்டா போதும். 2602க்கு மட்டும் 9800ல எடமே கெடையாது, அத ஒன்னு தூக்கிடணும், இல்ல பழைய 5508 சாகுற வரைக்கும் தனியா ஓட்டணும். தனியா ஓட்டினா ரெண்டு கன்ட்ரோலருக்கும் நடுவுல ஆள் நடந்து போகும்போது கனெக்ஷன் கட் ஆகாம இருக்கணும்ல, அதுக்கு 5508ல சாதா 8.5 போதாது, 9800ஓட பேசுறதுக்குன்னே தனியா விட்ட 8.5 ஐஆர்சிஎம் இமேஜ் வேணும். பழைய ஏபி எல்லாம் ஒரே பில்டிங்ல, புதுசெல்லாம் வேற பில்டிங்லன்னு பிரிச்சு வெச்சுட்டா இந்தத் தலைவலிய முக்காவாசி தவிர்த்துடலாம், ஒரே மாடில கலந்து மட்டும் மாட்டாதீங்க.

இந்த நம்பரெல்லாம் எங்க கெடைக்கும்னு கேட்டா, சிஸ்கோ வயர்லெஸ் சொல்யூஷன்ஸ் சாஃப்ட்வேர் கம்பாட்டிபிலிட்டி மேட்ரிக்ஸ்னு தேடுங்க, ஒரே பக்கம், நீளமான டேபிள். பாக்குறதுக்கு பயமா இருக்கும் ஆனா நமக்கு வேண்டியது அதுல ரெண்டே எடம். ஒன்னு, உங்க கன்ட்ரோலர் வெர்ஷன் இருக்கிற வரில என்னென்ன ஏபி போட்டிருக்குன்னு. இன்னொன்னு, ஏபி வாரியா மொத வெர்ஷன், கடைசி வெர்ஷன்னு போட்டிருக்கிற டேபிள். ரெண்டுலயும் பாத்துட்டு, நீங்க போடப் போற வெர்ஷனோட ரிலீஸ் நோட்ஸயும் ஒரு தடவ படிச்சிடுங்க, மேட்ரிக்ஸ்ல ஒரு வரில முடிச்சிருப்பாங்க, ரிலீஸ் நோட்ஸ்ல "ஆனா இந்த ஃபீச்சர் இந்த ஏபில கெடையாது"ன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

கன்ட்ரோலர்ல என்ன ஓடுதுன்னு தெரியணும்ல. ஏர்ஓஎஸ்னா "ஷோ சிஸ்இன்ஃபோ", 9800னா "ஷோ வெர்ஷன்". ஏபி பக்கம் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கிற முழு பார்ட் நம்பர எழுதிக்கோங்க, வெறும் "9120"னு எழுதினா பத்தாது. சி9120ஏஎக்ஸ்ஐ-டி அப்படின்னு இருக்கும், ஐன்னா உள்ளயே ஆன்டெனா, ஈன்னா வெளிய மாட்டுறது. அதே ஸ்டிக்கர்ல விஐடின்னு (வெர்ஷன் ஐடி) ஒரு சின்ன நம்பர் இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஒரே மாடல்தான், ஆனா உள்ள ஏதோ ஒரு பார்ட்ட மாத்திட்டு புது விஐடி போட்டு விடுவாங்க, அந்தப் புது பேட்ச் பழைய சாஃப்ட்வேர்ல சேராது. வைஃபை 6 ஏபில இப்படி நடந்து சிஸ்கோவே ஃபீல்ட் நோட்டீஸ் விட்டாங்க. போன வருஷம் வாங்குன 9120 ஓடுது, இந்த வருஷம் வாங்குன 9120 ஓடலன்னா மொதல்ல இதப் பாருங்க.

அந்தக் கடைசி எழுத்து இருக்கே, டி, அதுவும் சும்மா இல்ல. ரெகுலேட்டரி டொமைன். எந்த நாட்ல எந்த சேனல், எவ்ளோ பவர்ங்கிறது ஏபிக்குள்ளயே எழுதி வெச்சிருக்காங்க. இந்தியாவுக்கு டி, ஐரோப்பாவுக்கு ஈ, அமெரிக்காவுக்கு முன்னாடி ஏ, அப்புறம் பி. கன்ட்ரோலர்ல நாடு இந்தியான்னு வெச்சிட்டு, அமெரிக்கால இருந்து யாரோ சூட்கேஸ்ல கொண்டு வந்த பி ஏபிய சொருகினா, டொமைன் மிஸ்மேட்ச்னு லாக்ல வந்து நிக்கும், சேந்த மாதிரி தெரிஞ்சாலும் ரேடியோ எந்திரிக்காது. கன்ட்ரோலர்ல நாட்ட மாத்திட்டா சரியாயிடுமேன்னு சொல்வாங்க, அப்படிப் பண்ணா இங்க அனுமதி இல்லாத சேனல், பவர்ல எல்லாம் ஏபி சிக்னல் விடும், அது சட்டப்படி தப்பு, பண்ணாதீங்க. ஆன்லைன்ல பாதி வெலைக்கு கெடைக்குற செகண்ட் ஹேண்ட் ஏபில முக்கியமா பாக்க வேண்டியது இந்த ஒத்த எழுத்துதான்.

செகண்ட் ஹேண்டுன்னு சொன்னதும் இன்னொன்னு. வெர்ஷனும் சரி, டொமைனும் சரி, ஆனா டிடிஎல்எஸ்லயே முட்டிட்டு நிக்குதுன்னா அது சர்டிஃபிகேட்டா இருக்கலாம். ஃபேக்டரிலயே ஏபிக்குள்ள ஒரு சர்டிஃபிகேட் வெச்சு அனுப்புவாங்க, மிக்னு பேரு, பழைய ஏபிகள்ல அதுக்கு ஆயுசு 10 வருஷம். 2012ல செஞ்ச ஏபின்னா 2022ல காலாவதி. அதுக்கப்புறம் ஒரு கரன்ட் கட், ஏபி ரீபூட் ஆகுது, திரும்ப சேரவே மாட்டேங்குது, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சுன்னு தல சுத்தும். ஏர்ஓஎஸ்ல "கான்ஃபிக் ஏபி செர்ட்-எக்ஸ்பைரி-இக்னோர் மிக் எனேபிள்"னு ஒரு கமாண்ட் இருக்கு, அதப் போட்டா தேதிய கண்டுக்காம உள்ள விட்டுடும். அதே மாதிரி கன்ட்ரோலர் கடிகாரம் தப்பா இருந்தாலும் இந்தப் பிரச்சன வரும், நேரத்த சரி பண்ற என்டிபி ஓடுதான்னு ஒரு பார்வ பாத்துடுங்க.

இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். 2022 டிசம்பர் 4க்கு அப்புறம் ஐஓஎஸ் ஓடுற பழைய ஏபிகள் இமேஜ் டவுன்லோட் ஸ்டேஜ்லயே மாட்டிக்க ஆரம்பிச்சுது, இமேஜுக்குக் கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் அன்னிக்கு காலாவதி ஆயிடுச்சு. ஓடிட்டு இருந்த ஏபிக்கு ஒன்னும் ஆகல, ஆனா கன்ட்ரோலர அப்கிரேட் பண்ணி ஏபி புது இமேஜ் இறக்கப் போனா போச்சு. பின்னாடி வந்த மெயின்டனன்ஸ் பில்ட்கள்ல சரி பண்ணிட்டாங்க. அதனால 2702, 3702 வெச்சிருக்கிறவங்க எங்கயோ பழைய ஹார்ட் டிஸ்க்ல கெடக்குற இமேஜ எடுத்துப் போடாம, அந்த வரிசைல கடைசியா வந்த பில்ட்டாப் பாத்துப் போடுங்க.

ஏபி எந்த மோட்ல இருக்குங்கிறதும் உண்டு. பழைய சிஸ்கோ ஏபில தனியா ஓடுற இமேஜும் இருக்கு, கன்ட்ரோலரோட சேர்ற இமேஜும் இருக்கு, ஃபைல் பேர்ல கே9டபிள்யூ7னு இருந்தா தனி, கே9டபிள்யூ8னு இருந்தா லைட்வெயிட். தனி இமேஜ் இருக்கிற ஏபி கன்ட்ரோலரத் தேடவே தேடாது, மொதல்ல மாத்தணும். புதுசுல சிலது தானே குட்டிக் கன்ட்ரோலரா ஓடுற மோட்ல வரும், சிலது மெராக்கி (சிஸ்கோவோட கிளவுட் வைஃபை) மோட்ல வரும், 9166லயே கடைசில எம்ஆர்னு போட்டு வாங்குனா அது பெட்டிய விட்டு வெளிய வந்ததும் மெராக்கி கிளவுடத்தான் தேடும். ஆர்டர் போடும்போதே சப்ளையர் கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

எல்லாம் பாத்தாச்சு, மேட்ரிக்ஸ்ல எல்லாம் டிக்கு, அப்பவும் வரலன்னா? அப்ப அது பொருந்தாத பிரச்சனையே இல்ல, ஏபிக்குக் கன்ட்ரோலர் எங்க இருக்குன்னே தெரியல. ஒரே சப்நெட்ல (ஒரே ஐபி வரிசைல இருக்கிற நெட்வொர்க்ல) இருந்தா பிராட்காஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சிடும், வேற சப்நெட்னா ஐபி குடுக்குற டிஹெச்சிபி சர்வரோட ஆப்ஷன் 43லயோ டிஎன்எஸ்லயோ நாமதான் சொல்லணும். ஆப்ஷன் 43ல ஐபிய அப்படியே எழுதக் கூடாது, ஹெக்ஸ்ல எழுதணும். கன்ட்ரோலர் 192.168.10.5னா மொதல்ல எஃப்1, அடுத்து நீளம் 04, அப்புறம் 192க்கு சி0, 168க்கு ஏ8, 10க்கு 0ஏ, 5க்கு 05, எல்லாத்தையும் ஒட்டி எழுதினா எஃப்104சி0ஏ80ஏ05. ரெண்டு கன்ட்ரோலர்னா நீளம் 08, பின்னாடி ரெண்டு ஐபியும். அந்த 10க்கு 0ஏன்னு போடாம வெறும் ஏன்னு போட்டு மாட்டிக்கிறவங்க உண்டு. நடுவுல ஃபயர்வால் இருந்தா 5246, 5247 திறந்திருக்கான்னும் பாருங்க. இது வேற, மேல சொன்னது வேறன்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? 9800ல "ஷோ வயர்லெஸ் ஸ்டாட்ஸ் ஏபி ஜாயின் சம்மரி" போடுங்க. அந்த ஏபி மேக் அட்ரஸ் அங்க இருந்தா அது கதவ வந்து தட்டியிருக்கு, உள்ள விடாததுக்குக் காரணமும் அங்கயே இருக்கும். மேக் அட்ரஸே இல்லன்னா அது வந்து சேரவே இல்ல, நெட்வொர்க்கப் பாருங்க.

மத்த கம்பெனிகள்ல? அடிப்படை இதேதான். அரூபால ஒவ்வொரு ஏபி டேட்டாஷீட்லயும் மினிமம் ஓஎஸ் வெர்ஷன்னு தனியா போட்டிருப்பாங்க, தேடி அலைய வேண்டாம். டிபி-லிங்க் ஒமாடால பேரப் பாத்து ஏமாறக் கூடாது, ஸ்டிக்கர்ல வி1, வி3னு ஹார்ட்வேர் வெர்ஷன் இருக்கும், ஒரே இஏபி மாடல்ல ஒரு ஹார்ட்வேர் வெர்ஷன் புதுக் கன்ட்ரோலர்ல சேரும், இன்னொன்னு சேராது. யூபிக்விட்டி யூனிஃபைல பொதுவா பிரச்சன கம்மி, ஆனா ரொம்பப் பழைய ஏபிகள ஒரு கட்டத்துல கழட்டி விட்டிருக்காங்க. எனக்குப் புடிச்சது ரக்கஸ் ஸ்மார்ட்ஸோன் பண்ற வழி, கன்ட்ரோலர மேல ஏத்திட்டு ஏபிகள ஸோன் ஸோனா பிரிச்சு, ஒரு ஸோன மட்டும் பழைய ஃபர்ம்வேர்லயே விட்டு வைக்கலாம், எத்தன வெர்ஷன் பின்னாடி விடலாம்னு ஒரு எல்லை உண்டு, ஆனா அது குடுக்குற அவகாசம் பெரிய விஷயம்.

எண்ணிக்கையும் பாத்துக்கோங்க, 9800-எல்ல சாதாரணமா 250 ஏபிதான், பர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ் போட்டா 500. பழைய 2504ல 75ஓட சரி. அப்புறம் ஸ்விட்ச் போர்ட் பவர், பழைய பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாவே கரன்ட் குடுக்குற) போர்ட் குடுக்குறது 15.4 வாட், புது ஏபி பலதுக்கு 30 வாட் கேக்கும், குடுக்கலன்னா ஏபி சேந்துடும், ஆனா ரேடியோவ கொறச்சிட்டு ஓடும், அப்புறம் வைஃபை 6 வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லயேன்னு ஏபியத் திட்டுவோம்.

பெரிய ஆர்டர்னா சப்ளையர் கிட்ட மொதல்ல ஒரே ஒரு ஏபி கேட்டு வாங்குங்க, நீங்க நெஜமா ஓட்டுற கன்ட்ரோலர்ல, நெஜமா மாட்டப் போற ஸ்விட்ச்ல சொருகுங்க. இமேஜ் இறங்கி, ரீபூட் ஆகி, ரன் ஸ்டேட்டுக்கு வந்து, 2.4, 5 ரெண்டு ரேடியோவும் அப்னு காட்டினதுக்கு அப்புறம், ஸ்டிக்கர்ல இருக்கிற பார்ட் நம்பர், விஐடி ரெண்டையும் அப்படியே பர்ச்சேஸ் ஆர்டர்ல போட்டு மிச்சத்த ஆர்டர் பண்ணுங்க.